தம்ளருக்கு ஒரு பீடம்

ஜூன் 3, செவ்வாய்

சூளையின் சூட்டுக் கணக்கை எழுதி வைக்கத்தான் இந்த டைரியை வாங்கினேன். முதல் பக்கத்திலேயே வேறு விஷயம் எழுத வேண்டியதாகிவிட்டது. பெங்களூரிலிருந்து வாசவி மேடம் கூப்பிட்டு உறுதி சொல்லிவிட்டார். செப்டம்பரில் அவர்கள் கடையில் நடக்கும் கண்காட்சி முழுக்க எங்கள் கண்ணாடிப் பீடங்கள்தான். வேறு யாருடைய வேலையும் அதில் இருக்காது.

"எல்லார் வீட்டுலயும் நல்ல சாமான் எல்லாம் அலமாரிக்குள்ள கிடக்குது, கருணா. ஒரு சங்கு, ஒரு பழைய கேமரா, சாவி கொடுக்கிற கடிகாரம். அதெல்லாம் வெளிய வந்து உட்காரணும்னா கீழ ஒரு நல்ல ஸ்டாண்ட் வேணும். உங்க கண்ணாடி மேல வெச்சா எதுவுமே கோயில்ல இருக்கிற மாதிரி ஆயிடுது" என்றார்.

இதைச் சொல்லலாம் என்று உள்ளே ஓடினேன். என் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகும் இரண்டாவது பொத்தானிலேயே நின்றார்.

"நல்லதாப் போச்சு கருணா. செஞ்சுரலாம்" என்றார்.

அவ்வளவுதான். கணபதிப் பகுதியில் ஒரு பம்பு பவுண்டரியில் இருபது வருடம் இரும்பு வார்ப்புக்கான மர மாதிரிகளைச் செதுக்கிய மனிதர் திருமூர்த்தி. பவுண்டரியை மூடியபோது, இரும்புக்கு அச்சு செய்தவன் கண்ணாடிக்குச் செய்ய முடியாதா என்று ஆரம்பித்தவரும் அவர்தான். நான் அப்போது பள்ளியில் டிராயிங் டீச்சர். நான் வரைவேன், அவர் மெழுகில் செதுக்குவார். அப்படித்தான் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகை பட்டறை ஆனது. இன்று அவர் இன்னும் கொஞ்சம் சந்தோஷப்பட்டிருக்கலாம்.

ஜூன் 9, திங்கள்

சங்குக்கான பீடம். அலை ஒன்று எழுந்து நின்று சங்கைத் தாங்குவது போல வரைந்து கொடுத்தேன். மெழுகில் அவர் செதுக்கியதைப் பார்த்தால் அலையின் விளிம்பு கடித்து வைத்த மாதிரி இருக்கிறது. அவர் போடும் கோடா இது? பவுண்டரியில் அவர் கோட்டைப் பார்க்க அடுத்த ஷெட்டிலிருந்து ஆள் வருவார்கள்.

"கண்ணாடிய மாத்தோணுமுங். பவர் ஏறியிருக்கும்" என்றேன்.

"கண்ணு நல்லாத்தான் தெரியுது" என்றார்.

மாலையில் நானே உட்கார்ந்து விளிம்பைத் திருத்தினேன். திருத்துவதை அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய் டிவி போட்டுக்கொண்டார்.

ஜூன் 14, சனி

பகல் முழுக்க மின்சாரம் இல்லை. சூளை போடவில்லை. பட்டறையில் உதவிக்கு வரும் ரெஜினாவுக்கும் பட்டை தீட்ட வேலை இல்லை. அவளை வைத்துக்கொண்டு மிளகாய் காயப் போட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

கடிகாரப் பீடத்தின் அச்சு போய்விட்டது.

மெழுகு மாதிரியைச் சுற்றிப் பிளாஸ்டர் ஊற்றி, நீராவி காட்டி மெழுகை உருக்கி எடுத்து, உள்ளே வெற்றிடமாக நிற்கிற அச்சு அது. ஒரு வாரத்து வேலை. அதைச் சூளைக்குள் இறக்கி, உள்ளே கண்ணாடிக் கட்டிகளைப் போட்டு மூட வேண்டியதுதான் பாக்கி. மேசையிலிருந்து சூளைக்கு நாலு எட்டு. அதற்குள் போட்டுவிட்டார்.

"நழுவிருச்சு" என்றார்.

"நழுவறதுக்கு அதென்ன சோப்பாங்க?"

பதில் சொன்னார். ஆனால் வார்த்தை வாயில் ஒட்டிக்கொண்டு வந்தது. எனக்குத் திக்கென்றது. இவருடைய தம்பி கந்தவேல் இப்படித்தான் பேச ஆரம்பித்தார். இப்படித்தான் சாமானைப் போட்டு உடைத்தார். நாற்பத்தி ஒன்றில் கல்லீரல் போய் முடிந்தார்.

துண்டுகளை எடுப்பது போலக் கிட்டப் போய் மூச்சை இழுத்துப் பார்த்தேன். பாக்கு வாசனைதான் வந்தது. எதற்குக் குனிந்தேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது.

"என்ன பாக்கற?"

"ஒண்ணுமில்லீங்."

ஜூலை 2, புதன்

காப்பி குடிக்கும்போது புரையேறி, சட்டையெல்லாம் காப்பி. இந்த வாரத்தில் இது எத்தனையாவது தடவை என்று தெரியவில்லை. படி இறங்கும்போது செருப்பு காலைவிட்டுக் கழன்று ஓடுகிறது. கழன்ற செருப்பை அப்படியே விட்டுவிட்டு நடக்கிறார்.

அவர் முடிவெட்டப் போயிருந்தபோது சிலிண்டருக்குப் பின்னால், பரண்மேல், மோட்டார் ரூமில், பிளாஸ்டர் மூட்டைகளுக்கு நடுவில் எல்லாம் தேடினேன். பாட்டில் எதுவும் அகப்படவில்லை. நன்றாக ஒளித்து வைக்கிறார்.

விளக்குப் பீடம் சூளையில் ஆறிக்கொண்டிருக்கிறது. ஆறுவதற்கு முன்னால் திறந்துவிடக் கூடாது. வெளியில் சில்லிட்டிருந்தாலும் கண்ணாடியின் வயிற்றுக்குள் சூடு இருக்கும். அவசரப்பட்டால் அன்றைக்கே உடையும் என்றில்லை, ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் வீட்டு மேசைமேல் தானாக விரியும்.

ஜூலை 5, சனி

ரெஜினாவிடம் லேசாகக் கேட்டுப் பார்த்தேன், அண்ணன் மத்தியானத்தில் எங்காவது போகிறாரா என்று.

"அண்ணனா? எங்கீங்க அக்கா போறாரு. கட்டில்ல உக்காந்து கைய நீவீட்டு இருப்பாரு" என்றாள்.

ஜூலை 11, வெள்ளி

வாசவி மேடம் நேரில் வந்தார். கூடவே படம் எடுக்க ஒரு பெண். முடிந்த பீடங்களைப் பலகைமேல் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின்மேலும் அதற்குரிய பொருளை வைத்துக் காட்டினேன். சங்கு, வெற்றிலைப் பெட்டி, மேசை விளக்கு. பச்சைக் கண்ணாடிக்குள் தொங்கும் காற்றுக் குமிழ்களைப் பார்த்து அந்தப் பெண் படம் எடுப்பதை மறந்து நின்றுவிட்டாள்.

கேமராப் பீடம் மட்டும் மேல் தட்டில் இருந்தது. இத்தனையிலும் அதுதான் நன்றாக வந்தது. பனிக்கட்டியில் யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரி ஒரு குழிவு, அதில் பழைய பெட்டிக் கேமரா அப்படியே பொருந்தும். "எடுத்துட்டு வர்றேன்" என்று என் வீட்டுக்காரர் போனார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சத்தம் கேட்டது.

சிமெண்டுத் தரையில் நாலைந்து பெரிய துண்டுகள் கிடந்தன, மிச்சம் சர்க்கரை மாதிரி.

அவர் குந்தி உட்கார்ந்து பொறுக்கப் பார்த்தார். சின்னத் துண்டுகள் அவர் விரலுக்குள் வரவே இல்லை. ரெஜினா வந்து முறத்தில் வாரினாள்.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. "மன்னிச்சுக்குங்க மேடம். அவரு இப்பெல்லாம் சும்மா கூடமாட ஒத்தாசைக்குத்தானுங்க. வேல பூராவும் நான்தான் பாத்துக்கறேன்" என்றேன்.

போகும்போது மேடம் கேட்டார்: "பேர் அட்டை அச்சடிக்கணும். உங்க பேர் மட்டும் போடவா, ரெண்டு பேர் பேரும் போடவா?"

அவர் துடைப்பத்தோடு அங்கேயேதான் நின்றார்.

"எம்பேரே போதுமுங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. இந்த ஒரு மாதமாக வேலை செய்தது நான்தானே. எல்லோரும் போன பிறகு பட்டறைச் சாவியைக் கொக்கியிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"இனி ஆர்டர் முடியற வரைக்கும் நீங்க உள்ள வர வேண்டாமுங்க" என்றேன்.

"செரி" என்றார்.

கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஜூலை 12, சனி

இன்று வேலை தடையில்லாமல் ஓடியது.

ஜூலை 18, வெள்ளி

கேமராப் பீடத்தைத் திரும்பச் செய்கிறேன். அந்தக் குழிவு எனக்கு வரவில்லை. மூன்று மெழுகு வீணாகிவிட்டது. உள்ளே போய் அவரைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். கேட்கவில்லை.

மத்தியானம் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். ரசம் வேண்டாம் என்கிறார், மோர் வேண்டாம் என்கிறார். கோபத்தைச் சோற்றில் காட்டுகிறார் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

ஆடிக்குத் தாரணி வந்திருக்கிறாள், ஈரோட்டிலிருந்து, குழந்தையோடு. மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. உள்ளே நுழைந்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அப்பா ஏம்மா இப்பிடி எளைச்சுப் போய்ட்டாங்க?"

"செரியாச் சாப்புடறதில்ல. கேட்டா வேண்டாங்கறாரு."

குழந்தையின் பால் பாட்டில் மூடி இறுகிவிட்டது. "தாத்தாகிட்டக் குடு, தெறந்து தருவாங்க" என்று தாரணி அனுப்பினாள். இந்த வீட்டில் திறக்காத மூடியெல்லாம் எப்போதும் அவரிடம்தான் போகும். அவர் பாட்டிலை வாங்கினார். திருகினார். மடியில் வைத்து இன்னொரு முறை திருகினார். குழந்தை அழ ஆரம்பித்தது. அவர் பாட்டிலை அப்படியே நீட்டினார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தாரணி பாட்டிலை வாங்கவில்லை. அவர் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"அம்மா, இங்க வா. இந்தக் குழி எப்ப இருந்து இருக்குது?"

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம். தோல் எலும்போடு ஒட்டியிருக்கிறது. மேல்கையில் தோலுக்கு அடியில் ஏதோ நெளிகிற மாதிரி தசை துடிக்கிறது. தானாகத் துடிக்கிறது, நிற்கவே இல்லை.

நான் பார்த்ததில்லை. ஒரே வீட்டில்தான் இருக்கிறேன்.

சமையலறையில் அவளிடம் மெதுவாகச் சொன்னேன். "நான் வேற மாதிரி நெனச்சுட்டேன் கண்ணு. உன்ற சித்தப்பா மாதிரி ஆயிட்டாரோன்னு."

"அப்பாவா?" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வைக்கு நான் அடுப்பைத் துடைத்தேன்.

நாளைக்கு அவளே டாக்டரிடம் கூட்டிப் போகிறாளாம். எனக்கு நாளை இரண்டு அச்சுக்கு நீராவி வைத்தாக வேண்டும். போய் வரட்டும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

தாரணி ஊருக்குப் போகவில்லை. நரம்பு டாக்டரிடம் அனுப்பியிருக்கிறார்கள். இன்று நானும் போனேன். கைத் தசைக்குள்ளும், தொடையிலும், நாக்கிலும்கூட ஊசி குத்தி, கரண்ட் எப்படி ஓடுகிறது என்று பார்த்தார்கள். வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு உள்ளேயிருந்து ஒரு சத்தமும் கேட்கவில்லை. வெளியே வந்தவர், "ரொம்ப நேரமாச்சா? சூளை என்னாச்சு?" என்றார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எழுதி வைக்கிறேன். எழுதினால் கொஞ்சம் புரியுமோ என்னவோ.

டாக்டர் சின்ன வயதுக்காரர். தமிழில் நிதானமாகச் சொன்னார். உடம்பை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்திக்கொள்கின்றன. ஏன் என்று யாருக்கும் தெரியாது. கை முதலில், பிறகு கால், பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. வேகத்தைக் கொஞ்சம் குறைக்க மாத்திரை உண்டு, குணமாக்க இல்லை. புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும் என்றார். அதை ஒரு ஆறுதலாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

"குடிச்சாப்புல பேச்சு கொழகொழன்னு வருமுங்களா இதுல?" என்று கேட்டது நான் இல்லை. அவர் கேட்டார்.

"வரும். நிறையப் பேர் வீட்டுல அப்படித்தான் தப்பா நினைச்சிருக்காங்க" என்றார் டாக்டர்.

தாரணி என் கையைப் பிடித்தாள். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் அவர், "இன்னும் எத்தன நாளைக்குப் பேசலாமுங்க?" என்றார்.

"அது ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி. ஆனா பேச வேண்டியதெல்லாம் இப்பவே பேசிக்குங்க" என்றார்.

ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். அவர் ஸ்பூன் கேட்டார். பரிமாறுகிறவர் புரியாமல் இரண்டு முறை திருப்பிக் கேட்டார். மூன்றாவது முறை தாரணி சொன்னாள்.

வரும்போது ஆட்டோவில் தாரணி முன்னால் டிரைவர் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு. நாங்கள் இரண்டு பேரும் பின்னால். காந்திபுரம் தாண்டியதும் அவர் மெதுவாகச் சொன்னார்.

"அன்னிக்கு மோந்து பாத்தியல்ல."

நான் சொல்லியிருக்க வேண்டும். டாக்டரும் அதைத்தானே சொன்னார். வாயைத் திறந்தேன்.

"சூளைய இன்னிக்கு அணைக்கோணுமுங்க" என்றேன்.

"ஆமா, அணைச்சுரு" என்றார்.

ஆகஸ்ட் 13, புதன்

சாவியைக் கொக்கியில் மாட்டிவிட்டேன். அவர் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பட்டறையில் மின்விசிறிக்கு நேராக அவருக்கு நாற்காலி போட்டிருக்கிறேன். பத்து நாளாகக் கூப்பிட்டு இன்றுதான் வந்தார். ரெஜினா எழுந்து நின்று, "வாங்கண்ணா" என்றாள். ஏதோ விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

கேமராப் பீடத்தின் குழிவைக் காட்டினேன். பார்த்த உடனே சொன்னார்.

"கத்தியில சொரண்டாத. சுடுதண்ணில தம்ளர முக்கி, அடிய மெழுகு மேல வெச்சு அமுத்து. தானா எறங்கும்."

இறங்கியது. அன்று உடைந்ததில் இருந்த அதே குழிவு.

"நீங்க எப்ப இருந்து கையில பெலம் இல்லைன்னு தெரிஞ்சுட்டு இருந்தீங்க?" என்று கேட்டேன். மெழுகைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன்.

"பொங்கலுக்கே தெரியும். வயசு ஆச்சு, அதுதான்னு நெனச்சேன். அப்பறம் ஆர்டர் வந்துருச்சு. நீ அவ்வளவு சந்தோசமா ஓடி வந்த. செரி, இது முடியட்டும்னு இருந்தேன்."

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகு நேரம் ஆனது. நடுவில் நானாக வார்த்தையை எடுத்துக் கொடுத்துவிடாமல் காத்திருக்கப் பழக வேண்டும்.

செப்டம்பர் 10, புதன்

பீடங்கள் எல்லாம் மரப்பெட்டியில் வைக்கோலோடு கிளம்பிவிட்டன. வாசவி மேடத்துக்குப் போன் செய்து, பேர் அட்டையில் திருமூர்த்தி என்றும் சேர்க்க முடியுமா என்று கேட்டேன்.

"அச்சாகி வந்துடுச்சே, கருணா. புத்தகம், பேனர் எல்லாம் உங்க பேர்லதான். வேணும்னா அட்டையில மட்டும் கீழ ஒரு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்றேன்" என்றார்.

ஒட்டச் சொன்னேன். இதை அவரிடம் போய்ச் சொன்னேன். பெரிதாக ஏதோ செய்துவிட்டு வந்தவள் மாதிரி சொல்லியிருப்பேன் போல.

"இப்ப எதுக்கு அது?" என்றார்.

செப்டம்பர் 20, சனி (பெங்களூரு)

போக மாட்டேன் என்றுதான் இருந்தேன். அவரும் தாரணியும் சேர்ந்து அனுப்பி வைத்தார்கள்.

வெள்ளைச் சுவர், மேலிருந்து விளக்கு, ஒவ்வொரு பீடத்துக்கும் தனி மேடை. கண்ணாடிக்குள் வெளிச்சம் புகுந்து தரையில் பச்சை நிழலாக விழுந்திருந்தது. நான் அதைப் பட்டறையில் பார்த்ததே இல்லை. எங்கள் தகரக் கொட்டகையில் அப்படி வெளிச்சம் ஏது? அவர் இதைப் பார்க்கவில்லை, இனிமேல் இவ்வளவு தூரம் வந்து பார்க்கவும் போவதில்லை. போனில் படம் எடுத்தேன். படத்தில் நிழல் விழவில்லை.

ஸ்டிக்கர் பாதி அட்டைகளில் இருந்தது. பாதியில் இல்லை.

நரைத்த முடியை ஆண்பிள்ளை போல வெட்டியிருந்த ஓர் அம்மா கேமராப் பீடத்தின் முன்னால் வெகு நேரம் நின்றார். "இந்தப் பள்ளத்தை எப்படிச் செய்தீங்க? கை வைக்கணும் போல இருக்கு" என்றார்.

"என்ற வீட்டுக்காரரு செஞ்சதுங்க அது. அவரு சொல்ல, நான் செஞ்சேன்" என்றேன். பிறகு, அவர் கேட்காமலே, "முதல்ல அவரே கையால செஞ்சதுதானுங்க இதவிட நல்லா இருந்துச்சு" என்றேன். அந்த அம்மா தலையாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டார். ஜூலையில் வாசவி மேடத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே வந்து முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தாரணிக்குக் கூப்பிட்டு அவரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். எல்லாம் விற்றுப் போய்விட்டது, எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்றேன். வெகு நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"எதுவும்... ஆடலயே?"

"இல்லீங். எல்லாம் கச்சுனு உக்காந்திருக்குது."

"அது போதும்" என்றார்.

செப்டம்பர் 23, செவ்வாய்

தாரணி ஈரோட்டுக்குப் போய்விட்டாள். குழந்தையைச் சேர்த்திருக்கும் விளையாட்டுப் பள்ளியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வாராவாரம் வருவாள்.

இப்போது அவரால் தம்ளரைத் தூக்க முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்தாலும் வாய்வரை வருவதில்லை. உறிஞ்சுகுழல் போட்டுக் கொடுத்தால், குழல் பட்டே தம்ளர் சாய்ந்துவிடுகிறது. நேற்று மடியெல்லாம் தண்ணீர். நான் வேட்டியை மாற்றிவிட்டேன்.

இதற்கு ஒரு வழி செய்ய முடியும். இத்தனை பேர் வீட்டுச் சாமானுக்குப் பீடம் செய்திருக்கிறேன். கனமான அடி, தம்ளர் இறங்கி நிற்க ஒரு வளையம், குழலைப் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு கொம்பு, அவர் தலையைக் குனிந்தாலே வாய்க்கு எட்டும் உயரம். படுக்கைக்குப் பக்கத்து மேசையில் அது நின்றால் யானை வந்து இடித்தாலும் சாயாது. காகிதத்தில் வரைந்தபோது பல மாதத்துக்குப் பிறகு கை லேசாக இருந்தது.

அவரிடம் சொல்லவில்லை. முடித்துக் கொண்டுபோய் வைக்கிறேன்.

செப்டம்பர் 25, வியாழன்

மெழுகு நானே செய்தேன். வளையத்தைத் தம்ளரைச் சூடாக்கி அமுக்கித்தான் எடுத்தேன். பிளாஸ்டர் ஊற்றியாயிற்று.

"ஆர்டர்தான் முடிஞ்சு போச்சே. அங்க என்ன வேல?" என்று கேட்டார்.

"சின்ன வேலைங்."

இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் அதையே சொன்னேன்.

செப்டம்பர் 29, திங்கள்

சூளை ஆறி, அச்சை உடைத்து எடுத்தேன். விரிசல் இல்லை. அடிப்பக்கத்தில் மட்டும் ஒரு சின்னத் தூக்கல். காலையிலிருந்து ரெஜினாவோடு உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தேன்.

சாணை ஓடும்போது எதுவும் காதில் விழாது. ரெஜினா தண்ணீர் குடிக்க எழுந்து போனவள், வீட்டுக்குள்ளிருந்து "அக்கா" என்று கத்தினாள். ஓடினேன். அவருக்கு எச்சில் புரையேறி முகமெல்லாம் கறுத்திருந்தது. ரெஜினா அவரை முன்னால் சாய்த்து முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் போவதற்குள் மூச்சு வந்துவிட்டது.

"கூப்புட்டீங்களா?" என்று கேட்டேன்.

ஆமென்று தலையை அசைத்தார்.

"ரொம்ப நேரமா?"

அதற்கு அவர் தலையை அசைக்கவில்லை. என் கையில் ஒட்டியிருந்த கண்ணாடித் தூளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளைக்குள் முடித்துவிட வேண்டும்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பட்டறையைக் கழுவி, சூளைக்கும் சாணைக்கும் சந்தனம் வைத்து, பொரி கடலை வைத்துக் கும்பிட்டோம். ரெஜினாவுக்குப் புடவை கொடுத்தனுப்பினேன். அவரை நாற்காலியோடு ஹாலில் ஜன்னல் பக்கம் உட்கார வைத்திருந்தேன். நல்ல வெயில்.

பீடத்தைக் கொண்டுபோய் அவருக்கு முன்னால் மேசையில் வைத்தேன். வெளிர் நீலம். அடி கனமாக, மேலே போகப் போகத் தெளிந்துகொண்டே போகும். வளையத்துக்குக் கீழே ஒரே ஒரு குமிழ் நிற்கிறது. வெயில் அதற்குள் போய் அவர் வேட்டிமேல் விழுந்தது. தம்ளரில் தண்ணீர் ஊற்றி வளையத்தில் இறக்கினேன். குழலைக் கொம்பில் செருகினேன். அவர் முகத்தைப் பார்த்தேன்.

வெகு நேரம் பார்த்தார். விரல் மடங்காத கையை மேசைமேல் நகர்த்திக்கொண்டு வந்து, கைவிளிம்பால் அடியைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. வளையத்தின் உள்பக்கத்தைத் தடவினார்.

"அடி... சுத்தமா உக்காந்திருக்குது."

"நானே செஞ்சனுங்க. மெழுகுல இருந்து எல்லாமே."

"தெரியுது." மூச்சு வாங்கிக்கொண்டார். "நல்ல வேல. நான் செஞ்சாலும்... இவ்வளவுதான் வரும்."

கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அவர் இப்படிச் சொன்னதில்லை. எனக்குக் கண் நிறைந்தது. குழலை அவர் வாய்ப்பக்கம் திருப்பினேன். அவர் வாயைத் திறக்கவில்லை.

"எனக்கு வேண்டாம் கருணா."

"ஏனுங்க? உயரம் எட்டலீங்களா? அடிக்கு ஒரு பலகை வெச்சாப் போதும்."

இல்லையென்று தலையை அசைத்தார். நான் காத்திருந்தேன். வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது.

"இது இருந்தா... நீ அங்க போயிருவ."

பட்டறை இருக்கும் பக்கம் கண்ணால் காட்டினார்.

கொழகொழவென்று வந்த அந்த ஐந்து சொல்லில் ஒன்றைக்கூட நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவருக்காகத்தான் செய்தேன் என்று சொல்ல நினைத்தேன். ஒரு வாரமாக இந்த ஹாலில் அவரைத் தனியாக உட்கார வைத்துவிட்டு, அவருக்காக என்று எதையோ தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். சூளை, அச்சு, ஆர்டர், இதற்கு முன்னால் எல்லா மாதமும் அப்படித்தான். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்குமே என்றுதான் ஓடிக்கொண்டிருந்தேனோ என்னவோ. உட்கார்ந்தால் அந்தப் பேச்சு வந்துவிடும்.

தம்ளரை வளையத்திலிருந்து எடுத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். டாக்டர் சொல்லியிருந்தபடி அவர் தாடையை நெஞ்சோடு தாழ்த்திக்கொண்டார். ஒரு வாய் கொடுத்தேன். விழுங்கும்வரை தொண்டையைப் பார்த்தேன். இன்னொரு வாய் கொடுத்தேன். கடைவாயில் வழிந்ததை முந்தானையில் துடைத்தேன்.

"அன்னிக்கு மோந்து பாத்தனுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்டதா என்று தெரியவில்லை. "ஊட்டுக்குள்ள பூரா பாட்டில் தேடுனேன். மேடத்துக்கிட்ட அப்பிடிச் சொன்னேன்."

"ம்" என்றார்.

மன்னித்தேன் என்றோ, பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. சொல்ல அவருக்கு முடியவில்லையா, சொல்ல விரும்பவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பாதித் தண்ணீர் குடித்ததும் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டார். நான் தம்ளரைக் கீழே வைக்கவில்லை.